ஆனர்ஸ் மாணாக்கரும் கோடை விடுமுறையும்

1928-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் சென்னை மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த பௌதிக ஆனர்ஸ் மாணாக்கர் ஒருவர் கல்கத்தாவுக்குச் சென்றார். அவருக்கு அப்பொழுது வயது பதினேழு. அங்கு இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், அந்த விடுமுறை முழுவதும் ஆராய்ச்சியாளர்களிடையே பழகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அவ்வாண்டு பிப்ரவரி 28-ஆம் நாளன்று தான் அதே ஆய்வுக்கூடத்தில் ‘இராமன் விளைவு’ கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. விடுமுறைக்காக வந்த மாணாக்கர், விண்மீன்களின் உட்பகுதி பற்றிய கட்டுரை ஒன்றை எழுதி, அதனை ‘இந்தியப் பௌதிக சஞ்சிகை’யில் வெளியிட்டார். அவரே பிற்காலத்தில், 1983-இல், நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அதே 1928-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் ஆர்னால்டு சோமர்பெல்டு இந்தியாவுக்கு வந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சொற்பொழிவாற்றினார். அவருடைய நூலை முன்னரே படித்திருந்த சந்திரசேகர் அவரை விடுதி அறைக்கே சென்று கண்டார். அந்நூலில் உள்ள பௌதிகம் பழையதாகிவிட்டது என்றும், குவாண்டம் இயக்கவியல் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்றும் சோமர்பெல்டு அவருக்கு எடுத்துரைத்தார். அதோடு, அச்சேறாத தம் கட்டுரை ஒன்றின் மெய்ப்புப் பிரதியையும் கொடுத்தார். அதனைக் கற்றுத் தேர்ந்த மாணாக்கர் எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ப் பௌலரின் வழியாக, 1929-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இடம் பெற்றது. 1930-இல் ஆனர்ஸ் பட்டமும், கேம்பிரிட்ஜ் செல்வதற்கான அரசாங்க உபகாரச் சம்பளமும் அவருக்குக் கிடைத்தன.

சந்திரசேகரின் மேதைமை எவராலும் மறுக்க முடியாதது. ஆயினும் இவ்வரலாற்றில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு செய்தியும் உள்ளது. கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியை நடத்திவந்த சி. வி. இராமன், சந்திரசேகருக்குச் சிற்றப்பா ஆவார். சோமர்பெல்டின் சொற்பொழிவு நிகழ்ந்ததோ அவர் பயின்ற கல்லூரியிலேயே. உறவும் ஊரும் துணை நின்றதனால் அவருக்கு வாய்ப்பு எளிதில் எட்டியது. அதே வகையான ஆர்வமும் ஆற்றலும் உடைய மாணாக்கர் எத்தனை பேர், அத்தகைய உறவும் ஊரும் இன்மையால், பாடப்புத்தகத்தோடு நின்றிருப்பர் என்பதைக் கணக்கிட வழியில்லை.

இக்குறையைப் போக்குவதற்கான ஏற்பாடுகள் இன்று நாட்டில் பல உள்ளன. அவை விண்ணப்பத்தின் பேரில், உறவைக் கேளாமல், ஊரைக் கேளாமல் அளிக்கப்பெறுகின்றன. எனினும் விண்ணப்பிக்க வேண்டிய காலத்தில் அச்செய்தி சிறு நகரக் கல்லூரியில் பயிலும் மாணாக்கரைச் சென்றடையாவிடில், ஏற்பாடு இருந்தும் பயனில்லை. ஆதலின் ஆசிரியர்களும் கள ஊழியர்களும் அறிந்திருக்க வேண்டிய முக்கிய வாய்ப்புகள் இங்கே தொகுத்துக் கூறப்படுகின்றன.

ஆனர்ஸ் வகுப்பு – அன்றும் இன்றும்

முன்னாளில் சென்னைப் பல்கலைக் கழகத்தில் இன்டர்மீடியட் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுகள் பயில்வது ஆனர்ஸ் படிப்பாக இருந்தது. ஒரே பாடத்தை ஆழ்ந்து கற்பதே அதன் நோக்கம். டில்லி, கல்கத்தா போன்ற பல்கலைக் கழகங்களில் மூன்றாண்டு ஆனர்ஸ் படிப்பு நெடுங்காலம் நிலைத்து வந்தது.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னர் ‘ஆனர்ஸ்’ என்னும் சொல்லுக்குப் புதிய பொருள் ஏற்பட்டுள்ளது. பல்கலைக் கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட அமைப்பின்படி, மூன்றாண்டுகளில் 120 மதிப்பலகுகள் பெறுவோர்க்குச் சாதாரணப் பட்டமும், நான்காண்டுகளில் 160 மதிப்பலகுகள் பெறுவோர்க்கு ஆனர்ஸ் பட்டமும் உரியவை. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள், நான்காம் ஆண்டில் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் ஆராய்ச்சி செய்து, ‘ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்’ பட்டம் பெறலாம். அவ்வாராய்ச்சிக்கு 12 மதிப்பலகுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 2022-ஆம் ஆண்டின் டாக்டர் பட்ட விதிகளின்படி, நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்கள் முதுநிலைப் பட்டம் இன்றியே டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கத் தகுதியுடையவர் ஆகின்றனர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலான பிரிவினருக்கு 5 விழுக்காடு வரை தளர்வு உண்டு.

இம்முறை எல்லாப் பல்கலைக் கழகங்களிலும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. மூன்றாண்டுப் பட்டமும் ஈராண்டு முதுநிலைப் பட்டமும் பல இடங்களில் தொடர்கின்றன. எம்முறையில் பயில்வோராயினும், ஆராய்ச்சியின் முதற்சுவையை அறிவதற்கு ஏற்ற காலம் பட்டப்படிப்பின் கோடை விடுமுறையே ஆகும்.

மூன்று அகாடமிகளின் கோடை ஆராய்ச்சித் திட்டம்

பெங்களூரில் 1934-இல் இராமன் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாடமி, புது டில்லியிலுள்ள இந்தியத் தேசிய விஞ்ஞான அகாடமி, அலகாபாத்தில் 1930-இல் மேகநாத சாகாவின் முயற்சியால் தோன்றிய தேசிய விஞ்ஞான அகாடமி ஆகிய மூன்றும் இணைந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித் திட்டம் ஒன்றை நடத்தி வருகின்றன. தேர்ந்தெடுக்கப்படும் மாணாக்கர், விஞ்ஞானி ஒருவரின் கீழ் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பணியாற்றுவர். உதவித் தொகையும் பயணச் செலவும் அளிக்கப்படும். பௌதிகம், இரசாயனம், கணிதம், உயிரியல், புவியியல் விஞ்ஞானங்கள், பொறியியல் ஆகிய துறைகள் இதில் அடங்கும். வேளாண் விஞ்ஞானமும் உயிரியல் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளது.

இத்திட்டத்தில் தேர்வு எழுத வேண்டியதில்லை. நேர்முகப் பரீட்சையும் இல்லை. மதிப்பெண் பட்டியலும், மாணாக்கர் தாம் செய்ய விரும்பும் ஆராய்ச்சியைப் பற்றி எழுதும் சிறு குறிப்பும், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் கொண்டே தெரிவு நடைபெறுகின்றது. இதே திட்டத்தில் ஆசிரியர்களும் தமக்கென விண்ணப்பிக்கலாம் என்பது பலர் அறியாத செய்தி. பயிற்றுவிக்கும் பணியில் பல்லாண்டுகள் கழிந்தபின் மீண்டும் ஆய்வுக்கூடத்தில் நிற்க விரும்பும் கல்லூரி ஆசிரியருக்கு இது அரிய வாய்ப்பாகும்.

இம்மூன்று அகாடமிகளும் கல்லூரிகளில் இரண்டு அல்லது மூன்று நாள் விரிவுரைப் பட்டறைகளையும், ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சிகளையும் நடத்துகின்றன. தங்கள் கல்லூரியில் அத்தகைய பட்டறை ஒன்றை நடத்துமாறு ஆசிரியரே விண்ணப்பிக்கலாம். 1928-இல் சோமர்பெல்டு சென்னைக்கு வந்ததுபோல, ஒரு விஞ்ஞானி மாணாக்கர் இருக்குமிடத்திற்கே வருவதற்கு இது வழியாகும்.

இன்ஸ்பயர் உபகாரச் சம்பளம்

மத்திய விஞ்ஞான தொழில்நுட்பத் துறை 2008 டிசம்பரில் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தில், அடிப்படை விஞ்ஞானங்களைப் பட்டப்படிப்பாகக் கற்போருக்கு உபகாரச் சம்பளம் வழங்கப்படுகின்றது. திட்டம் வகுத்த தொகை ஆண்டுக்கு ரூ. 80,000. இதில் ரூ. 60,000 மாணாக்கருக்கும், ரூ. 20,000 கோடைக்கால ஆராய்ச்சிக்கும் உரியவை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தத்தம் கல்வி வாரியத்தில் முதல் ஒரு விழுக்காட்டினருள் வந்தவர்கள் தகுதியுடையவர். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற் படிப்புகளுக்கு இது இல்லை.

இங்கு இரு செய்திகள் முக்கியமானவை. முதலாவதாக, பட்டப்படிப்பின் முதலாண்டிலேயே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாமாண்டில் அறிந்தால் காலம் கடந்துவிடும். இரண்டாவதாக, உபகாரச் சம்பளம் பெறுவோர் ஆண்டுதோறும் கோடையில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். மேற்பார்வையாளரைத் தேடும் பொறுப்பு பெரும்பாலும் மாணாக்கருடையதாகவே அமைவதனால், ஆசிரியரின் வழிகாட்டுதல் அப்பொழுது மிகவும் தேவைப்படுகின்றது.

1999-இல் தொடங்கப்பெற்ற கிஷோர் வைக்ஞானிக் புரோத்சாகன் யோஜனா என்னும் உபகாரச் சம்பளத் திட்டம் 2022-இல் இன்ஸ்பயருடன் இணைக்கப்பட்டுவிட்டது. 1963-இல் டில்லியில் தொடங்கி, மறு ஆண்டே நாடெங்கும் விரிந்த தேசியத் திறனறி தேர்வும் 2021-க்குப் பின் நடைபெறவில்லை. பழைய வழிகாட்டி நூல்களில் இவ்விரண்டின் பெயரும் இன்னும் காணப்படுகின்றன. அவற்றை நம்பி மாணாக்கர் ஓராண்டை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் கடமை.

தனித்தனி நிலையங்களின் ஏற்பாடுகள்

பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், வெளியிலிருந்து வரும் மாணாக்கருக்கெனக் கோடை ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை நடத்துகின்றது. அதன் பகுதியாகிய ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம், 2004 முதல் ‘பட்டப்படிப்பு விஞ்ஞானத்துக்கான தேசிய முயற்சி’ என்னும் திட்டத்தை நடத்தி வருகின்றது. இதில் மாணாக்கர் முதலில் முகாமில் கலந்துகொள்வர். அவர்களுள் தெரிவு செய்யப்படுவோர் பின்னர் விடுமுறைகளில் வந்து ஆராய்ச்சியைத் தொடர்வர்.

கணித மாணாக்கருக்கு 1993 முதல் நடைபெற்று வரும் ‘கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டம்’ சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. தேசிய உயர் கணித வாரியத்தின் ஆதரவு பெற்ற இக்கோடை முகாம் ஏறத்தாழ நான்கு வாரங்கள் நடைபெறும். சூத்திரங்களை மனப்பாடம் செய்து பழகிய மாணாக்கர், ஒரு தேற்றத்தைத் தாமே நிறுவிக் காட்டவும், பிறர் கேள்விகளுக்கு விடையளிக்கவும் இங்கே பழகுகின்றனர்.

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்போர் அறியவேண்டியது, முதுநிலைப் படிப்புக்கான கூட்டு நுழைவுத் தேர்வாகும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் நடத்தும் இத்தேர்வு பௌதிகம், இரசாயனம், கணிதம், கணிதப் புள்ளியியல், மண்ணியல், உயிரித் தொழில்நுட்பம், பொருளாதாரம் ஆகிய ஏழு பாடங்களில் நடைபெறுகின்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஒருங்கிணைந்த டாக்டர் பட்டப் படிப்புக்கும் இத்தேர்வு வழியாகச் சேர இடமுண்டு.

ஆண்டின் ஒழுங்கு

விண்ணப்பங்களின் கடைசி நாட்கள் ஆண்டுதோறும் மாறுவன. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் அதிகாரபூர்வ அறிவிப்பையே பார்த்துச் செயற்படுதல் வேண்டும். எனினும் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு.

கல்லூரி திறக்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், முதலாண்டு மாணாக்கருள் இன்ஸ்பயருக்குத் தகுதியுடையோர் யார் என்று ஆசிரியர் பட்டியல் எடுத்தல் நலம். செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம். அகாடமிகளின் கோடைத் திட்டத்துக்கு ஆண்டின் இறுதி மாதங்களில் விண்ணப்பங்கள் பெறப்படுகின்றன. தனி நிலையங்களின் அறிவிப்புகள் பல, புத்தாண்டை ஒட்டி வெளிவருகின்றன. பிப்ரவரியில் நுழைவுத் தேர்வு நடைபெறும். அம்மாதம் 28-ஆம் நாளாகிய தேசிய விஞ்ஞான தினத்தை ஒட்டி ஆராய்ச்சி நிலையங்கள் பலவும் பொதுமக்களை வரவேற்கின்றன. புனேக்கு அருகே கோடாட் கிராமத்திலுள்ள பெரும் வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் நடைபெறும் கண்காட்சி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மே முதல் ஜூலை வரை ஆராய்ச்சிப் பணி நடைபெறும்.

கோடையில் செய்யவேண்டிய பணிக்கு மழைக்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது என்பது இதனால் விளங்கும். பெரும்பாலான மாணாக்கர் தவறுவது இந்த இடத்திலேயே. பரீட்சை முடிந்தபின் ஏப்ரலில் வந்து கேட்கும் மாணாக்கருக்கு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்வதைத் தவிர ஆசிரியருக்கு வேறு வழி இராது. இறுதியாண்டு மாணாக்கருக்கோ அடுத்த ஆண்டு என்பதே இல்லை.

பரிந்துரைக் கடிதம்

பரிந்துரைக் கடிதம் என்றவுடன், நன்னடத்தைச் சான்றிதழ் போன்ற நான்கு வரிகளை எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. ‘இவர் நல்லவர், உழைப்பாளி’ என்னும் சொற்கள் தெரிவுக் குழுவினருக்கு எதையும் உணர்த்துவதில்லை. நூற்றுக்கணக்கான கடிதங்களில் அவையே காணப்படும். மாணாக்கர் செய்த ஒரு சோதனை, அதில் தவறு நேர்ந்தபோது அவர் அதைக் கண்டறிந்த விதம், வகுப்பில் கேட்ட ஒரு கேள்வி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்டு எழுதினால், அக்கடிதம் அந்த மாணாக்கருக்கே உரியதாகும். மதிப்பெண்ணில் சற்றுக் குறைந்தவருக்கும் அத்தகைய கடிதம் துணை நிற்கக்கூடும்.

மாணாக்கர் எழுதும் குறிப்பும் அவ்வாறே. விஞ்ஞானத்தின் பெருமையைப் புகழ்ந்து எழுதுவதைவிட, தாம் கண்ட ஒரு பொருளைப் பற்றிய கேள்வியை எழுதுவது சிறந்தது. எடுத்துக்காட்டாக, தம் ஊர்க் கிணறுகளில் சிலவற்றின் நீர் மட்டும் ஏன் உப்பாக இருக்கின்றது, மழைக்குப் பின் அது எவ்வளவு மாறுகின்றது என்று வினவும் மாணவி, நீரின் மின் கடத்தும் திறனை மாதந்தோறும் அளந்து ஓர் அட்டவணை வைத்திருப்பாராயின், அதுவே நல்லதோர் ஆராய்ச்சிக் குறிப்பின் தொடக்கமாகும். இத்தகைய கேள்விகளைக் கள ஊழியர்கள் நாள்தோறும் சந்திக்கின்றனர். மண் பரிசோதனை, மழை அளவு, பயிர் நோய் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் அறிந்தவற்றை அருகிலுள்ள கல்லூரி ஆசிரியருடன் பகிர்ந்துகொண்டால், மாணாக்கருக்கு நல்ல பொருள்கள் கிடைக்கும்.

கள ஊழியரின் பங்கு

விண்ணப்பிக்க விரும்பும் மாணாக்கருக்கு இல்லத்தில் தடை ஏற்படுவதும் உண்டு. கோடை விடுமுறையில் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பிள்ளைகளின் கை தேவைப்படும் குடும்பங்கள் பல. பெண்ணை இரண்டு மாதம் தொலைவிலுள்ள நகரத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பு. தங்குமிடம் எது, பொறுப்பாளர் யார், செலவு எவ்வளவு, எந்நாளில் திரும்புவார் என்பவற்றை நிலையத்திடமிருந்து எழுத்து மூலம் பெற்று, வீட்டாரிடம் நேரில் விளக்கினால் அத்தயக்கம் பெரும்பாலும் நீங்கும். ஊரில் நன்கு அறிமுகமான சுகாதார ஊழியரோ விவசாய விரிவாக்க அலுவலரோ உடன் இருந்து சொல்லும்போது, அச்சொல்லுக்கு மதிப்பு மிகுதி.

சான்றிதழ்களிலும் அவர்களது உதவி பயன்படும். மத்திய அரசின் இட ஒதுக்கீட்டுக்கு வேண்டிய பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மத்திய அரசு வகுத்த படிவத்தில் இருத்தல் வேண்டும். மாநிலப் படிவம் ஏற்கப்படுவதில்லை. பள்ளிச் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் வேறுபட்டிருந்தால், வழங்கப்பட்ட தொகையும் கைக்கு வாராமல் நின்றுவிடும். இவற்றைக் கடைசி வாரத்தில் சரிசெய்ய இயலாது.

தெரிவு செய்யப்படாதவர்களையும் கைவிடலாகாது. விண்ணப்பித்தவர் அனைவருக்கும் இடம் கிடைப்பதில்லை. அத்தகையோர் அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தையோ பல்கலைக் கழகத் துறையையோ நேரே எழுதிக் கேட்கலாம். 1974-இல் புதுச்சேரியில் முதன்முதலாக அமைக்கப்பட்ட வேளாண் விஞ்ஞான நிலையம் இன்று நாடெங்கும் 700-க்கும் மேற்பட்ட மாவட்ட நிலையங்களாக வளர்ந்துள்ளது. தாவர இயலும் இரசாயனமும் பயில்வோர் தம் மாவட்டத்து நிலையத்தை அணுகிப் பார்க்கலாம். வீட்டிலிருந்தே சென்று வரக்கூடிய இடம் என்பதால், வெளியூர் செல்ல இயலாதவர்களுக்கு இது ஏற்றது.

இராமன் மாநிலக் கல்லூரி மாணாக்கராக இருந்தபோதே, 1906-இல், ஒளியியல் பற்றிய தம் முதற்கட்டுரையை இலண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். எனினும் படிப்பு முடிந்ததும் விஞ்ஞானத்தில் வாழ்க்கை நடத்த வழி காணாமல், 1907-இல் நிதி இலாகா உத்தியோகத்தில் சேர்ந்தார். காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி செய்து, 1917-இல் தான் பேராசிரியர் பதவியை அடைந்தார். அந்தப் பத்தாண்டுத் தடையை எல்லா மாணாக்கரும் தாண்டிவிட மாட்டார்கள்.

ஆதலின் ஒவ்வொரு கல்லூரியிலும் ஆசிரியர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்று, ஆண்டுத் தொடக்கத்திலேயே வாய்ப்புகளின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் இடுதல் வேண்டும். செப்டம்பரில் ஒரு முறை வகுப்பில் அதனைப் படித்துக் காட்டுதல் வேண்டும். விண்ணப்பம் எழுதத் தயங்கும் மாணாக்கரை அழைத்து அருகில் அமர்த்தி எழுதச் செய்தல் வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. சில மணி நேரமே தேவை. சிற்றப்பாவின் ஆய்வுக்கூடம் இல்லாத மாணாக்கருக்கு, கோடையில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கதவு திறப்பதற்கு அந்தச் சில மணி நேரம் போதுமானதாகும்.